இடது தோள் அரை அங்குலம்

தையல்காரிக்குக் கோபம் வந்தால் மெஷின் மிதிக்கிற சத்தத்திலேயே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். அன்றைக்கு மெஷின் ஓடவே இல்லை.

மகள் நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்றாள், தலைவலி என்றாள். கடைசியில் போனைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முகம் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பதிமூன்று வயதுப் பிள்ளையை வார்த்தையால் குதறி வைத்திருந்தார்கள். பெயர், வகுப்பு, தெரு, போன் நம்பர் எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. வீட்டு வாசலுக்கே வருவோம் என்று மிரட்டல் வேறு.

"உன்கூடப் படிக்கிறவளுங்கதான் கொடுத்திருப்பாளுங்க. காலையில ஸ்கூலுக்கு வரேன், ஒருத்தியையும் விட மாட்டேன்!"

"வேணாம்மா. அவங்க யாரும் இல்லை."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் படித்தாள். 'கோணத்தோள்காரி, இடது தோளை நிமிர்த்திட்டு வெளியே வா.'

அந்த இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

மகளின் இடது தோள் அரை அங்குலம் இறக்கம். பெற்ற அப்பாவுக்கே தெரியாது. யார் கண்ணிலும் படக் கூடாதென்று ஒவ்வொரு சட்டையிலும் உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைத்து மறைத்து வந்தவள் அவள். அதை எழுதியிருப்பது ஒரே இடத்தில்தான், அவளுடைய அளவுச்சீட்டில்.

துணி மாறிப்போகாமல் இருக்க, தைத்த ஒவ்வொன்றிலும் சீட்டைக் குத்திவைப்பது அவள் வழக்கம். பெயர், வகுப்பு, தெரு, போன் நம்பர், அளவு. ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. மகள் துணிக்கும் அப்படித்தான். தொழில் தொழில்தான் என்று பெருமை வேறு. போன மாதம் பள்ளி நடனத்துக்குத் தைத்த பத்து கவுன்களையும் கொடியில் தொங்கவிட்டு, மகளைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்து, கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு சீட்டிலும் கொட்டை எழுத்தில் அவள் கையெழுத்து.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே."

"ஏண்டி சொல்லலை?"

"அந்தப் படத்தைப் பார்த்துதான் நிறைய பேர் உன் தையலைப் பாராட்டினாங்க. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டிக்கிட்டே இருந்தியேம்மா."

தையல்காரிக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கை தானாக அந்த இடது தோளில் போய் நின்றது. மிரட்டியவர்களை போலீசில் சொல்லி ஒரு கை பார்க்கத்தான் போகிறாள். ஆனால் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது அவளல்லவா?

படத்தை அழித்தாள். அழித்த பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தில் மகளுடையது போக இன்னும் ஒன்பது கவுன்கள் சீட்டோடு தொங்கியிருந்தன.

ஆர்டர் நோட்டைத் திறந்து முதல் நம்பரை அழுத்தினாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கக்கா! கவுன் சூப்பரா இருந்துச்சு."

"கவுன் இருக்கட்டும்மா. பாப்பா ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறாளா?"

மறுமுனையில் அந்த அம்மாவின் குரல் தாழ்ந்தது.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"