நானூற்று நாற்பதும் ஒன்பதாயிரத்து இருநூறும்

"பிளக்கைப் பிடுங்கினா எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று விஜி கேட்டாள்.

ஐஸ் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்திருந்த நாகேஷ் வாசல்படியில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். இந்தத் தொழிலில் அவனை யாரும் மரியாதையாகக் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. எழுந்து நின்று பதில் சொன்னான்.

"அர்த கண்டே ஏனூ ஆகல்லா, மேடம். மூடிய மட்டும் தொறக்காதீங்க."

அரை மணி நேரம் ஒன்றும் ஆகாது. விஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. ஒரு ஓட்டத்துக்கு நான்கு நிமிஷம், கார்டைக் கழற்றி மாட்ட ஆறு நிமிஷம், மறுபடி ஓட்டம் நான்கு, கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கு இரண்டு முறையும் சேர்த்து நான்கு. பதினெட்டு. மறுபடி கூட்டினாள். அப்போதும் பதினெட்டுதான் வந்தது. இருந்தாலும் மூன்றாம் முறை விரல் விட்டு எண்ணினாள். தன் கணக்கை அவள் ஒரே தடவையில் நம்பியதில்லை.

பெட்டிக்குள் அவள் அப்பா ஜெயவேலு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசோடு படுத்திருந்தார். சனிக்கிழமை விடிகாலை பால் பாக்கெட் வாங்கி வந்து, "கொஞ்சம் நெஞ்சு கரிக்குது" என்று சொல்லி உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவர் தலைமாட்டிலேயே கம்ப்யூட்டர் மேஜை. பெங்களூர் மர்பி டவுனில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் பெரிய பிளக் பாயின்ட் ஒன்றுதான். அதில் ஒன்று அப்பா இருக்கலாம், அல்லது கம்ப்யூட்டர் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

இவ்வளவு யோசனைக்கும் காரணம் சந்தானம் மாமா. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. கோலார் தங்க வயலில் அப்பாவோடு இருபத்தெட்டு வருஷம் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடி நான்கு வருஷம் ஆகிறது. அப்பா அல்சூரில் ஒரு கேம் பார்லருக்குக் காவலாளியாகப் போனார். மாமா ஆனேக்கல் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் நின்றார். பார்லரை மூடும்போது முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒரு பழைய கம்ப்யூட்டரை அப்பா தலையில் கட்டினார். அதில் கார் ரேஸ் ஒன்று இருந்தது. ஐம்பத்தாறு வயதில் அப்பா அதில் விழுந்தார். இரண்டே மாதத்தில் மாமாவையும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்க வைத்து இழுத்துப் போட்டார்.

அந்த விளையாட்டில் படம் திக்காமல் திணறாமல் ஓட வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் கார்டு என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை வேண்டும். அப்பா எஸ்.பி. ரோடில் பழைய சாமான் கடையில் எம்எக்ஸ் 440 என்ற கார்டை எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்கு வாங்கினார். அடுத்த வாரமே மாமா அதே கடைக்குப் போய், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து ரேடியான் 9200 வாங்கினார்.

"ஒன்பதாயிரத்து இருநூறு எங்க, நானூத்தி நாப்பது எங்க?" என்றார் மாமா.

"பஸ் நம்பர் பெருசா இருந்தா வேகமா போவுமா மச்சான்?" என்றார் அப்பா.

தெரு டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் சிவாஜி நகரில் மாலை நேர ஹார்டுவேர் வகுப்புக்குப் போகும் விஜி நடுவர் என்று முடிவாயிற்று. இரண்டு கார்டையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ரேஸில் ஓட்டி, விநாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாள், ஞாயிறு காலை பதினோரு மணி. மாமா போன ஞாயிறே தன் கார்டை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போனார்.

தீர்ப்புக்குக் குறித்த ஞாயிறு இதுதான்.

ஆனேக்கலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய மாமா, சம்பங்கி மாலையோடு பெட்டி மேல் விழுந்து, "பதினோரு மணின்னு சொல்லிட்டு முந்திகினியேடா மச்சான்!" என்று அழுதார். மாரில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு பவுலின் அக்கா கேனில் கொண்டுவந்த காப்பியை இரண்டு டம்ளர் குடித்தார். பிறகு விஜியைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"இன்னா வந்துது பாப்பா ரிசல்ட்டு?"

"டெஸ்டே பண்ணல மாமா. டைம் கெடைக்கல."

சொன்ன வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வியாழக்கிழமையே, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மூன்று ஓட்டம் ஓட்டியிருந்தாள். அதை நம்பாமல் வெள்ளிக்கிழமை இன்னும் மூன்று. அப்பாவின் கார்டுக்கு முப்பத்தொன்று, மாமாவின் கார்டுக்கு முப்பத்தெட்டு. ஆறு தடவையும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. வகுப்பு நோட்டில் கட்டம் போட்டு எழுதியும் வைத்திருந்தாள். அப்பா இரண்டு நாளும் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், "இன்னா பாப்பா, தீர்ப்பு?" "நடுவர் முன்னாடியே சொல்லக் கூடாது நைனா" என்று தப்பித்தாள். தாமதமாகிறது என்றால் தனக்குத்தான் சாதகம் என்று அவர் டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லியிருக்க வேண்டுமோ என்று நேற்றிலிருந்து அவளுக்கு ஒரே குழப்பம். சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்றோ என்றும் குழப்பம்.

"அப்ப அவனும் தெரியாமத்தான் போனானா?" என்றார் மாமா.

"ஆமா." இது ஒன்றுதான் நிஜம்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப இப்ப பண்ணு."

"மாமா!"

"குடியாத்தத்துலருந்து உங்க தாய்மாமன் கோடித்துணி எடுத்தாந்து உங்கம்மாவுக்குப் போட்டாதான் பொணத்த எடுக்க முடியும். அவன் பஸ்ஸு கிருஷ்ணகிரியே தாண்டலயாம். சும்மாதானே குந்திகினு இருக்கோம்? பதினோரு மணின்னு ரெண்டு பேரும் வாக்கு குடுத்துகினோம். நான் வந்துட்டேன். அவனும் இங்கதான் இருக்கான்."

அவள் சொன்ன பொய்யை வைத்தே அவளை மடக்கிவிட்டார். அப்பா வாய் திறக்க முடியாமல் படுத்திருக்கும்போது, அவரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்க, அவள் வாயாலேயே தோற்றவர் என்று சொல்ல வேண்டும். அம்மா தடுத்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

பெட்டி ஓரமாகத் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்த தனலக்ஷ்மி நிமிர்ந்து பார்த்தாள்.

"பண்ணித் தொலைங்கண்ணா. பதினஞ்சு நாளா சோத்துல கைய வெச்சாலும் இதே பேச்சு. அந்த மனுஷன் காதுல உழட்டும். இல்லாட்டி ராத்திரி வந்து என்னத்தான் எழுப்பிக் கேப்பாரு."

"பொணத்த வெச்சிகினு கார் ரேஸா?" என்று பவுலின் அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "ஏசப்பா, இந்த வீட்ல யாருக்குமே மண்ட சரியில்ல." சொல்லிவிட்டுத் திரை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிளக்கைப் பிடுங்கியதும் ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றது. திடீரென்று வீட்டில் எல்லோருக்கும் தாங்கள் உரக்கப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. விஜி மேஜைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த அரை அடியில் ஒடுங்கி நின்று கம்ப்யூட்டரைப் போட்டாள். பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். எண் திரையின் மூலையில் சின்னதாகத்தான் வரும். ஆனால் மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

உள்ளே அப்பாவின் கார்டுதான் இருந்தது. பதிவு செய்து வைத்த ரேஸ் தானாகவே ஓடியது. சிவப்புக் கார் ஒன்று மலைப்பாதையில் வளைந்து வளைந்து போயிற்று. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஜெயவேலுவுக்கு எவ்வளவு செல்வாக்கு என்று நினைத்திருப்பார்கள்.

"முப்பத்தொண்ணு" என்றாள் விஜி.

"நூத்துக்கா?" என்றான் நாகேஷ். "அப்ப ஃபெயிலா?"

"நூத்துக்கு இல்லடா, விநாடிக்கு" என்றார் மாமா.

"விநாடிக்கு முப்பத்தஞ்சு எடுத்தா பாஸா?"

கூட்டத்தில் 'ஃபெயில்' என்ற வார்த்தை வாசல்வரை கைமாறிப் போவதை விஜி கேட்டாள். அணைத்தாள். கம்ப்யூட்டர் மூடியைத் திறந்து, திருகைக் கழற்றி, அப்பாவின் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மாமாவின் கார்டைச் செருகினாள். எந்த முனை முதலில் இறங்க வேண்டும், எங்கே அழுத்தினால் கிளிக் என்று உட்காரும் என்பதெல்லாம் விரலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கொஞ்சம் தடுமாறுவதுபோல் நடித்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

கம்ப்யூட்டர் ஆன் ஆனது. நேராக நீல வானமும் பச்சைப் புல்வெளியுமான முகப்புப் படத்துக்கு வந்து, அடுத்தது என்ன என்பதுபோல் நின்றது.

மாமா அவள் காதருகே குனிந்தார்.

"புது சாமான் மாட்டினா, 'இது யாரு, டிரைவர் சிடி போடு'ன்னு கேக்கணுமே பாப்பா. எங்க வூட்ல ஒரு மணி நேரம் உயிர எடுத்துச்சு."

விஜி மவுஸைப் பிடித்தபடி நின்றாள். கேட்கத்தான் வேண்டும். முதல் முறையென்றால் கேட்கும். வகுப்பில் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். கார்டை இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் ஏற்கெனவே மாட்டியாயிற்று என்று அர்த்தம். இதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவின் மூச்சு அவள் தோள்மேல் பட்டுக்கொண்டிருந்தது.

"ஓட்டு" என்றார்.

சிவப்புக் கார் மறுபடி மலையேறியது. இந்தத் தடவை வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போயிற்று. பார்க்கத் தெரியாதவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. "அய்யோ, தண்ணி மாதிரி போவுது" என்றாள் பவுலின் அக்கா. நான்கு நிமிஷம். மூலையில் எண் வந்தது.

"சொல்லும்மா" என்றாள் தனலக்ஷ்மி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

விஜி அப்பாவைப் பார்த்தாள். பெட்டியின் கண்ணாடி மூடியில் உள்பக்கம் லேசாக வியர்த்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"முப்பத்தெட்டு."

"பாஸ்!" என்றான் நாகேஷ்.

"செல்லாது!" என்றார் சந்தானம் மாமா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேஜைமேல் இருந்த அப்பாவின் கார்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"இதோட காத்தாடியப் பாருங்க. தூசி பஞ்சு மாதிரி அடச்சிகினு இருக்குது. மூச்சே உட முடியாம ஓடிக்கீது பாவம். என்னுது சுத்தமா கீது. இது நியாயமா?"

"உன் கார்டுதானேய்யா ஜெயிச்சுது?" என்றாள் பவுலின் அக்கா.

"அது ஒண்ணு. ரெண்டாவது, இவன்து மெமரி அறுபத்துநாலு, என்னுது நூத்தி இருபத்தெட்டு. சின்னப் பையனையும் பெரிய ஆளையும் சேத்து ஓட உடலாமா? மூணாவது வெல. இவன் எண்ணூத்தி அம்பதுக்கு முப்பத்தொண்ணு காட்டறான். நான் ஆயிரத்து ஐந்நூறு போட்டு முப்பத்தெட்டு காட்டறேன். நூறு ரூவாக்கு யாரு எவ்ளோ? போடு பாப்பா கணக்கு."

விஜி போட்டாள். இரண்டு தடவை போட்டாள். "நைனாவுக்கு மூணரைக்கு மேல வருது மாமா. உங்களுக்கு ரெண்டரை."

"கேட்டீங்களா?"

"நீ யார் கட்சிய்யா?" என்றாள் பவுலின் அக்கா.

"என் கட்சில பேச நான் கீறேன்" என்றார் மாமா. பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். மேலே ஏதோ சொல்ல வந்தவர் இருமினார். "நாகேசு, பிளக்க மாத்துடா. மணி ஆவுது. கேஸு ஒத்திவெச்சாச்சு."

பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. தனலக்ஷ்மி கண்ணாடிமேல் கையை வைத்து, "கேட்டியா? இன்னும் முடியலயாம்" என்று சொன்னாள். நேற்றிலிருந்து அவள் அழுத அழுகைகளில் இதில்தான் கொஞ்சம் சிரிப்பும் கலந்திருந்தது.

ஒரு மணிக்குக் குடியாத்தத்து மாமன் கோடித்துணியோடு வந்து சேர்ந்தார். மேளக்காரர்கள் தெருமுனையில் தீ மூட்டி மேளத்தைக் காய்ச்சினார்கள். அப்பாவை வெளியே எடுத்து, பந்தலுக்குக் கீழே பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார்கள். சவரம் செய்ய வந்தவர் கத்தியைத் தீட்டிவிட்டு, செத்தவருடைய பிரஷ்ஷைத்தான் பயன்படுத்த வேண்டும், எடுத்து வாருங்கள் என்றார்.

விஜி கண்ணாடி அலமாரியில் தேடினாள். சோப்பு இருந்தது. பிரஷ்ஷைக் காணோம்.

கொல்லையில் துவைக்கும் கல்மேல் சந்தானம் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாளை விரித்து, அப்பாவின் கார்டை வைத்து, பிரஷ்ஷால் அந்தச் சின்னக் காத்தாடியின் ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது.

"மாமா, சவரத்துக்கு பிரஷ்ஷு கேக்கறாங்க."

"ரெண்டு எறக்க பாக்கி."

அவள் நின்றாள். வெளியே மேளம் ஒருமுறை அடித்துப் பார்த்து நின்றது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாமா கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாயால் ஊதி, காத்தாடியை விரலால் சுண்டினார். அது சுற்றியது. நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிரஷ்ஷை அவளிடம் கொடுத்தார்.

சவரக்காரர் அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கினார். தண்ணீர் சாம்பல் நிறமாயிற்று. அவர் தலையைத் தூக்கி விஜியைப் பார்த்தார்.

விஜி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்து வந்தாள்.