இரண்டாவது தாள்

பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதிக்கும்போது பெற்றோரை அறைக்குள் விடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. பிள்ளை தடுமாறினால் அம்மா தொண்டையைக் கனைப்பார், அப்பா காலை ஆட்டுவார். அப்புறம் யாரைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். ஆனால் அந்த எட்டு வயதுக்காரி அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். வேறு வழியில்லாமல் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, "மூச்சு விடக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னேன். அவரும் அப்படியே ஆகட்டும் என்பதுபோல் வாயை இறுக மூடிக்கொண்டார்.

அந்தச் சிறுமிக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். பொருத்தமான பெயர்தான். உட்கார்ந்த கையோடு, மின்விசிறி ஏன் முனகுகிறது, என் மூக்குக் கண்ணாடி ஏன் கோணலாக இருக்கிறது, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டாள். கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னாள். மனக்கணக்கில் புலி. ஆனால் வகுப்பில் அவள் கொடுப்பதெல்லாம் வெற்றுத் தாள். இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. புத்தி பளிச்சென்று இருக்கும். எழுத்து மட்டும் உள்ளே இறங்காது. ஊரே கூடி அந்தப் பிள்ளைக்குச் சோம்பேறி என்று பட்டம் கட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் என் அறிக்கை பள்ளிக்குப் போக வேண்டும். வாசிப்பதில் குறைபாடு இருக்கிறது என்று நான் எழுதினால், தேர்வில் கேள்வியைப் படித்துக் காட்ட ஓர் ஆள் தருவார்கள், இவள் வாயாலேயே பதில் சொல்லலாம். இல்லையென்று எழுதினால் இந்த வருடமும் தோற்பாள். இரண்டாவது முறை தோற்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

முதல் தாளை நீட்டினேன். எளிய சொற்களில் தொடங்கிக் கடினமானவற்றில் முடியும் வரிசை.

"கல், பல், மரம், வண்டி, குதிரை, ஜன்னல்..."

கடகடவென்று கொட்டினாள். விரல் தாளின் மேல் ஓடியது, கண் மின்விசிறியில் இருந்தது. வாய் குதிரையைச் சொன்னபோது விரல் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. கதவோரம் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் உதடுகளும் அதே சொற்களை ஓசையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

வாயாடியைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

"இந்தச் சொல்லெல்லாம் உங்களுக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

மழுப்பப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "போன வருஷம் பெரியவளோட ரிசல்ட் சொல்றதுக்கு என்னை உள்ள கூப்பிட்டீங்க. நடுவுல ஃபோன் வந்து வெளிய போனீங்க. தாள் மேசை மேலேயே இருந்துச்சு. ஃபோட்டோ எடுத்துக்கிட்டேன். தினமும் இவளுக்குச் சாப்பாடு ஊட்டும்போது சொல்லிக் குடுத்தேன்."

"இவளுக்கு உதவி கிடைக்கணும்னுதானேங்க நான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்? நீங்களே குறுக்க வந்து கெடுக்கலாமா?"

"பெரியவளுக்கும் இதேதான் சொன்னீங்க மேடம். ரிப்போர்ட் குடுத்தா உதவி செய்வாங்கன்னு. அவ ஸ்கூல்ல அதை வாங்கிப் பார்த்துட்டு, உங்க பொண்ணுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாதுன்னு அனுப்பிட்டாங்க. இப்ப வீட்டோட கிடக்கா. யாராவது வந்தா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறா."

அந்த அறிக்கையை எழுதியது நான்தான். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் காதுக்கு வரவில்லை. ஒரு பிள்ளை எழுந்து போனால் அதே நாற்காலியில் அடுத்த பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது.

"இது வேற ஸ்கூல். ஹெட்மிஸ்ட்ரஸ் என்கிட்ட நேர்லயே சொல்லியிருக்காங்க."

"அந்த ஸ்கூல்லயும் நேர்லதான் சொன்னாங்க" என்றார்.

வாயாடி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அலமாரியைத் திறந்து இரண்டாவது தாளை எடுத்தேன். அதே அளவு, அதே அச்சு. சொற்கள் மட்டும் வேறு. முதல் சொல்லே 'கண்'. ஒரு தாளின் சொற்கள் இப்படி வெளியே தெரிந்துபோனால் உதவட்டும் என்றுதான் இதை வைத்திருப்பது. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தோற்கடிக்கப் போகிறேன். திக்குவாள், முழிப்பாள், அழுவாள். காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

"மறுபடியுமா?" என்று சலித்துக்கொண்டாள். பிறகு போனால் போகிறது என்பதுபோல் விரலைத் தாளின் மேல் வைத்தாள்.

"கல், பல், மரம், வண்டி, குதிரை..."

ஒரு சொல்கூட மாறவில்லை. விரல் அடுத்தடுத்த சொல்லுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. தாள் வேறு என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா எழுந்து வந்து மகளின் பின்னால் நின்றார். நான் தடுக்கவில்லை. அவர் தாளைப் படித்தார், மகளின் விரலைப் பார்த்தார், மறுபடி தாளைப் படித்தார். மகள் கொஞ்சம் மந்தம், தினமும் சொல்லிக் கொடுத்தால் இந்தச் சொற்களாவது கண்ணில் பதிந்துவிடும் என்று நம்பியிருந்தவர். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் வேலையில் முகம் மாறக் கூடாது. என்னுடைய முகம் எப்படி இருந்ததோ, தெரியாது.

"...பள்ளிக்கூடம்!" என்று முடித்துவிட்டு வாயாடி தாளைத் தட்டினாள். "இந்தத் தடவை இன்னும் ஃபாஸ்ட், இல்லம்மா?"

"ஆமாண்டி தங்கம்." மகளின் தலையில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். "எழுதிக்குங்க மேடம். உள்ளதை உள்ளபடியே எழுதிக்குங்க. ஆனா, இவளையும் அனுப்பிட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அனுப்ப மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயமாக இருந்தது.

வாயாடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா அனுப்புவாங்க? நான்தான் எல்லாத்தையும் சரியா படிச்சேனே."