இடுப்பில் கிடந்த இரும்பு

"அங்கன இல்லட்டி. இன்னும் கொஞ்சம் கீழ. எலும்பை ஒட்டி."

கருத்தையா கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். ஆறுமுகத்தாய் சூடு பண்ணிய வேப்பெண்ணெயை உள்ளங்கையில் தொட்டுத் தொட்டு, அவருடைய இடது இடுப்பில் இருந்த தழும்பைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே ஆழத்தில் ஒரு கெட்டி தட்டுப்படும். எலும்புதானா, அந்த இரும்புதானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. அதுதான் இரும்பு என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து தேய்க்கேன். உள்ள கெடக்க இரும்பு இந்நேரம் துருப்பிடிச்சிருக்கும்."

"நீ எண்ணெயை நிறுத்தாம ஊத்துதியே, எப்படித் துருப்பிடிக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டே அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தாள்.

அன்றைக்கு அவர் கோவில்பட்டிக்குப் போக வேண்டும். பழைய பட்டாளத்துக்காரர்களின் குறை கேட்க, மாதத்தில் ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து ஆபீசர் வந்து பயணியர் விடுதியில் உட்காருவார். கருத்தையா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்மங்கஞ்சியை நின்றபடியே குடித்தார். கடித்த வெங்காயத்தில் பாதியைத் தட்டில் வைத்தார். எக்ஸ்ரே படம் இருந்த பழுப்புக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன சொல்லப் போறாராம்?"

"போன தடவை சொன்னதைத்தான் சொல்லுவாரு. காயத்தைக் கண்ணால பார்த்தவங்க யாரும் உண்டாம்பாரு."

"நீங்க என்ன சொல்லுவிய?"

"இல்லைம்பேன்" என்றார். இடது காலை இழுத்து இழுத்துத் தெருவில் இறங்கினார்.

அறுபத்தைந்தாம் வருடச் சண்டையில் பட்ட காயம் அது. பக்கத்தில் விழுந்து வெடித்த குண்டின் ஒரு துண்டு இடுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கூடாரத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். மறு வாரமே கூடாரம் இடம் மாறிவிட்டது, அவருக்கு எழுதிய சீட்டும் அதோடு எங்கேயோ போயிற்று. லீவில் ஊருக்கு வந்தவருக்கு அந்த வருடமே பெண் பார்த்தார்கள். பிறகு பட்டாளத்தை விட்டு வந்து, கிணறு வெட்டுகிற இடங்களில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை பார்த்தார். ஒரு தடவை வெடியில் கல் தெறித்துத் தோளில் பட்டது. வயது ஏற ஏறக் கால் இழுக்கத் தொடங்கியபோது, அந்தக் கிணற்று வெடியால்தான் இப்படி என்று ஊர் சொன்னது. அவரும் மறுக்கவில்லை. மறுத்தால், பெண் கேட்ட அன்றைக்கு எதற்கு மறைத்தாய் என்ற கேள்வி வரும்.

சண்டையில் காயம்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு மெடல் உண்டு என்பதே அவருக்கு வெகு காலம் தெரியாது. கூடவே பட்டாளத்தில் இருந்து, அதே சண்டையில் அவருக்கு முந்தியே அடிபட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்ட கடம்பூர் வேல்சாமி அதைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். அதற்குப் பிறகு அவருக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. டீக்கடையில் அவரைக் கண்டதும் ஒருத்தன் தவறாமல் கேட்பான்: "என்ன பட்டாளத்து அண்ணாச்சி, கிணத்துக்குள்ளயுமா பாகிஸ்தான்காரன் ஒளிஞ்சிருந்தான்?" அவர் டீயைக் குடித்து முடிக்காமல் வந்துவிடுவார்.

அதையேதான் ஆபீசரும் வேறு மாதிரி சொன்னார். படத்தில் இரும்பு இருப்பது தெரிகிறது. அது குண்டின் இரும்பா, வெடியில் தெறித்த உளியின் இரும்பா என்று படம் சொல்லாது.

பஸ் ஸ்டாப்பு என்றால் ஒரு புளியமரம், அதனடியில் ஒரு கல். கருத்தையா அந்தக் கல்லில் உட்கார்ந்து மரத்தில் சாய்ந்திருந்தார். பஸ் வந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் ஏறின. கண்டக்டர் படியில் நின்று, "பட்டாளத்து அண்ணாச்சி, ஏறுதீரா, நடந்தே வாரீரா?" என்று சத்தம் போட்டான். பிள்ளைகள் சிரித்தன. இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டு அவன் இறங்கி வந்து தோளைத் தொட்டான். பிறகு தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான்.

கட்டிலோடு தூக்கி வந்து வீட்டில் போட்டபோது கஞ்சிச் சட்டி கழுவாமல் அப்படியே கிடந்தது. தட்டில் பாதி வெங்காயம். ஆறுமுகத்தாய் அழுதாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஓடி வந்த மகள் முப்பிடாதியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள். நடுவில் ஒரு தடவை, யார் கண்ணிலும் படாமல், அவருடைய இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை.

மதியத்துக்குள் அவருடைய அண்ணன் சங்கரபாண்டி எல்லாவற்றுக்கும் ஆள் ஏவிவிட்டார். ஓடைக்கரையில், அப்பனும் பாட்டனும் கிடக்கிற வரிசையில் குழி வெட்ட இரண்டு பேர் மண்வெட்டியோடு போனார்கள். பங்குனி மாசக் கரிசல், வெடித்துக் கிடந்தது. கடப்பாரை போட்டுத்தான் பிளக்க வேண்டும்.

குழி என்ற சொல் காதில் விழுந்ததும் ஆறுமுகத்தாயின் அழுகை நின்றுவிட்டது.

போன மார்கழியில் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அந்த இரும்பை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, எடுத்தால் கால் மொத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். திரும்பி வருகையில் கடம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றது. அவளுக்குப் பிடிக்குமே என்று போளி வாங்கிக் கொடுத்தார். அவள் அதை வாயில் வைத்திருக்கும்போதுதான் சொன்னார்.

"நான் போனா என்னைப் புதைக்க விட்றாத. எரிக்கச் சொல்லு. எல்லாம் எரிஞ்ச பொறவு இரும்பு மிஞ்சும்லா? அதை வேல்சாமிட்ட குடு. குண்டு இரும்பைப் பட்டாளத்தான் பார்த்தாத் தெரியும். அவன் கொண்டுபோயி அந்த ஆபீசர் மேசையில போடட்டும்."

வாய் நிறையப் போளி. அவளால் திட்டவும் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அது சரி என்று ஆட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது அவள் முப்பிடாதியை அனுப்பிப் பெரியப்பாவிடம் சொல்லச் சொன்னாள். வாசலில் பேச்சு எழுந்தது.

"நம்ம வகையறாவுல எரிக்கது கிடையாது. அகாலமாச் செத்தவங்களைத்தான் எரிக்கது" என்று சங்கரபாண்டியின் குரல் கேட்டது.

"பஸ்ஸுக்கு உக்காந்திருந்தவன் செத்திருக்கான். இது அகாலம் இல்லாம என்னய்யா?" இது வேல்சாமி. கடம்பூரிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார், வேர்வை ஒழுக. "அவன் வாய்விட்டுக் கேட்டிருக்கான். எங்கிட்டயும் சொல்லியிருக்கான்."

"வே, இது எங்க வீட்டுச் சாவு."

"சண்டையில கூடக் கெடந்தவன் நான். எனக்கும்தான்வே சாவு."

ஆறுமுகத்தாய் எழுந்து பின்பக்கம் போனாள். பெரியப்பாவை வரச் சொல் என்றாள் மகளிடம். வாழ வந்த நாளிலிருந்து அவரோடு அவள் நேருக்கு நேர் பேசியது கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லுவாள். இன்றைக்குத் தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று, அவர் வந்ததும் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியத்தான், அவிய எரிக்கச் சொல்லியிருக்காவ."

"குழி வெட்டியாச்சு தாயி."

"மூடிக்கிடலாம்."

"எதுக்கு எரிக்கணுங்கான்? அதைச் சொல்லு."

"உங்களுக்குத் தெரியும். அந்த இரும்பு வெளிய வரணும்னுதான்."

சங்கரபாண்டி மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, அவிழாத முடிச்சை அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

"வரப்படாது" என்றார்.

அவள் மாட்டை ஒதுக்கிவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்க ஐயா பொண்ணு குடுக்கதுக்கு முன்னால கேட்டாரு. மாப்பிள்ளை ஒரு மாதிரி நடக்காராமே, உடம்புல ஊனம் எதுவும் உண்டான்னு. மாடசாமி பீடத்துக்கு முன்னால நின்னு, ஒண்ணும் கிடையாதுன்னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுனேன்."

"சத்தியம் பண்ணுனது ஊருக்கே தெரியும். நீங்க தெரியாமச் சொன்னியன்னு அவிய எங்கிட்டச் சொல்லியிருக்காவ. எங்க அண்ணனுக்குக் காயத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்பாவ."

அவர் நிமிர்ந்தார். "அப்படியா சொன்னான்?"

"எப்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாவ."

சங்கரபாண்டி தன்னுடைய வலது உள்ளங்கையைப் பார்த்தார். கிழவராகிவிட்டார் என்று ஆறுமுகத்தாய்க்கு அப்போதுதான் தோன்றியது.

"பம்புசெட்டு ரூம்புல அவனைப் படுக்கப் போட்டு, நாந்தான் தாயி மருந்து வச்சுக் கட்டுனேன். சீழ் எடுத்தேன். வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்னு ஒரு குருவிக்குத் தெரியாமப் பார்த்தேன். அந்தக் கையாலதான் சூடத்தையும் அணைச்சேன். உங்க கல்யாணம் முடிஞ்ச ஐப்பசியிலதான் என் மூத்தவன் கிணத்துல விழுந்து போனான்." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொய்ச் சத்தியம்னு ஊருக்குத் தெரியாது. மாடனுக்குத் தெரியும்லா."

வெளியே ஒப்பாரி ஏறி இறங்கியது.

"பார்த்தவங்க வேணும்னு ஆபீசர் கேட்டாரே. அவிய உங்ககிட்ட வந்தாவளா?"

"ஒரே ஒரு தடவை வந்தான். நான் தலையைக் குனிஞ்சேன். 'சரி அண்ணே, விட்ருங்க'ன்னுட்டுப் போயிட்டான்."

ஒவ்வொரு மாதமும் அந்தக் கவரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனதையும், இல்லைம்பேன் என்று சொன்னதையும் அவள் நினைத்தாள். மெதுவான குரலில் சொன்னாள்.

"நான் இதை யார்ட்டயும் சொல்ல மாட்டேன் பெரியத்தான். முப்பிடாதிட்டகூடச் சொல்ல மாட்டேன். நீங்க விறகு அடுக்கச் சொல்லுங்க."

மாடு அவருடைய துண்டை நக்கியது. அவர் அதை விடுவித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"ஏலே, அந்தக் குழியை மூடுங்க. ரெண்டு வண்டி உடைமர விறகு கொண்டாங்க. பருத்திமாரு எங்க களத்துல கெடக்கு, எடுத்துக்கிடுங்க."

ஓடைக்கரைக்கு ஒருவன் ஓடினான். வேல்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பெண்கள் ஓடையைத் தாண்டக் கூடாது. ஆறுமுகத்தாயை உட்காரவைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். வளையல் உடைந்த கையோடு அவள் பின்வாசலில் போய் நின்றாள். மேற்கே ஒரு மரம் இல்லை. கரிசல் ஒரே தட்டாகக் கிடந்தது. வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. பெரியத்தான் ஏமாற்றிவிட்டாரோ என்று நினைத்தபோது புகை வந்தது. காற்றில்லாததால் ஒரு கோடு போட்ட மாதிரி நேராக மேலே போயிற்று.

மறுநாள் காலையில் பால் ஊற்றி எலும்பு எடுக்க ஆண்கள் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, குளித்த ஈரத்தோடு வாசலில் உட்கார்ந்தார்கள். வேல்சாமி அவள் பக்கமாக வந்தார்.

"ஒண்ணும் ஆப்பிடலை தங்கச்சி."

"நல்லாப் பார்த்தியளா?"

"உங்க பெரியத்தான் எங்களை எங்க கிட்ட விட்டாரு? தம்பி எலும்பை நாந்தான் எடுப்பேன்னு, தண்ணி தெளிக்கதுக்கு முன்னாலயே உள்ள கையை விட்டுட்டாரு. கங்கு கெடக்கு, பொறுங்கன்னேன். கேக்கலை. கடைசியில, இங்கன இரும்பும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு எந்திரிச்சிட்டாரு." அவர் தலையைத் துவட்டினார். "அப்ப அந்தப் படத்துல தெரிஞ்சது என்னதுன்னு எனக்கு விளங்கலை."

சங்கரபாண்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை ஈரத்துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார். ஆறுமுகத்தாய் அவரிடம் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கினார். யார் எது கொடுத்தாலும் இடது கையால் வாங்குகிறவர் இல்லை. துண்டு விலகியபோது விரல் நுனிகள் தெரிந்தன. கொப்புளம் கட்டி, தோல் வெளுத்திருந்தது.

அவள் பார்த்ததை அவர் பார்த்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

ஆவணியில் மாடன் கோவில் கொடைத் திருவிழா வந்தது. வீட்டில் சாவு விழுந்த வருடம், பொங்கல் வைக்கக் கூடாது. தூரத்தில் நின்று கும்பிடலாம். மேளக்காரர்கள் சாப்பிடப் போய்ப் பீடத்தைச் சுற்றிக் கூட்டம் குறைந்த நேரத்தில் ஆறுமுகத்தாய் கிட்டே போனாள். பீடத்தின் அடியில், சூடம் கொளுத்திக் கொளுத்திக் கருத்துப்போன மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. கட்டைவிரல் அகலம் இருக்கும். ஒரு பக்கம் வளைந்து, ஓரம் ரம்பம் மாதிரிக் கிழிந்திருந்தது. உளியில் உடைந்த துண்டு அப்படி இருக்காது என்று அவளுக்கே தெரிந்தது.

"அதைத் தொட்றாதீங்க" என்றார் பூசாரி. "சங்கரபாண்டி அண்ணாச்சி வச்சது. பங்குனி மாசம் கொண்டாந்து வச்சுட்டு, நெடுஞ்சாண்கிடையா விழுந்தாரு, எந்திரிக்கவே இல்லை. நாந்தான் தூக்கி விட்டேன். என்ன நேர்ச்சையோ."

சொல்லிக்கொண்டே விளக்கில் எண்ணெய் ஊற்றினார். வழிந்த எண்ணெய் இரும்பின் மேலும் இறங்கியது.

பூசாரி அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் கட்டைவிரலை அதன் மேல் வைத்து ஒரு தடவை அழுத்தினாள்.

வெளியே வேல்சாமி நின்றிருந்தார். கொடைக்கு வந்தவர், சட்டையில் மெடலைக் குத்தியிருந்தார்.

"தங்கச்சி, கோவில்பட்டிக்குப் புது ஆபீசர் வாராராம். நல்ல மனுசன்னு பேசிக்கிடுதாங்க. இன்னொரு தடவை போயிக் கேட்டுப் பாப்பமா? என்ன, பார்த்தவங்க யாரும் உண்டான்னுதான் அவரும் கேப்பாரு."

கோவிலின் மறுபக்கத்தில் சங்கரபாண்டி பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இல்லைன்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றாள் ஆறுமுகத்தாய்.

அதற்குப் பிறகு எத்தனையோ கொடை நடந்துவிட்டது. சங்கரபாண்டியும் போய்ச் சேர்ந்தார். பீடத்துக்கு வெள்ளையடிக்கிறவர்கள் அதை எடுத்து வைத்துவிட்டு அடித்து, மறுபடியும் அதே மாடத்தில் வைத்துவிடுகிறார்கள். அது என்ன என்று யாரும் கேட்பதில்லை. எண்ணெய் விழுந்துகொண்டே இருப்பதால் அது துருப்பிடிக்கவில்லை.