செத்துப்போன விசிறியின் சத்தம்

1

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்றைம்பது. இந்தக் கதை பிறந்ததே அந்தக் கடனில்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பணத்துக்குப் பதிலாக ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: மாலை வெயில் ஜன்னலில் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தபோது—

விட்டுவிட்டேன். எங்கள் ஜன்னலுக்கு எதிரே கிடங்குச் சுவர். வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவனுக்கு இப்படியெல்லாம் எழுத ஆசை வரும். மூட்டை தூக்கிய கை பேனாவையும் அழுத்தித்தான் பிடிக்கிறது.

2

என் மகள் இரவு ஷிப்டில் மருந்துப் பெட்டி அடுக்குகிறாள். பகலில் அவள் தூங்க வேண்டுமானால் அவள் குழந்தை தூங்க வேண்டும். குழந்தை தூங்க எங்கள் பழைய மேஜை விசிறி ஓட வேண்டும். அது போன வாரம் புகைந்து செத்துப்போனது. புதிது வாங்கினோம். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. பேத்தி அதை முறைத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். மகள் வேலையிடத்தில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். இன்னொரு தடவை பார்த்தால் வேலை கிடையாது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

(அவரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். மகள் படித்துவிட்டு, அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருக்கிறது என்றாள். ஆகவே அவர் இனி இந்தக் கதைக்குள் வரமாட்டார்.)

3

மச்சினன் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். கடன் வாங்கியதும் அதற்குத்தான். அவனை முதலில் ஏமாற்றுக்காரனாக எழுதியிருந்தேன். "என் தம்பி சோம்பேறி, ஏமாத்துக்காரன் இல்ல" என்று மனைவி திருத்தினாள்.

சத்தத்தை ஒன்றுமில்லாததிலிருந்தே செய்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது, விசிறி என்ன, மழையையே செய்யலாம் என்றான். பேச்சு இதுதான்: நான் செய்யும் விசிறிச் சத்தத்துக்குக் குழந்தை தூங்கினால் கடன் கழிந்தது. தூங்காவிட்டால் அவன் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும்.

சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு பெட்டியில் ஏறவில்லை. இந்தக் கிழட்டுப் பெட்டி இதைத்தான் தாங்கும் என்று ஒரு பழைய பதிப்பை பென் டிரைவில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினான். மனைவியும் வேலைக்குப் போய்விட்டாள். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நான்தான் வீட்டில். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது. மேலிருந்து எத்தனையாவது பொத்தான் என்று அவன் போனில் சொல்லச் சொல்ல, எண்ணி எண்ணி அமுக்கினேன்.

"இப்ப ஒத்துக்கிறியான்னு கேட்கும் மாமா. ஒத்துக்கோ."

"எதுக்குடா?"

"அது யாருக்கும் தெரியாது. ஒத்துக்கணும், அவ்வளவுதான்."

என் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒத்துக்கொண்டது அன்றுதான். (இந்த வரியை எடுக்கச் சொன்னாள் மனைவி. இருக்கட்டும்.)

4

திரையில் வரிசையாகத் திருகு குமிழ்கள். எது எதற்கு என்று மச்சினன் போனிலேயே சொல்லியிருந்தான். முதலாவது இரைச்சலைக் கொண்டுவரும். அடுத்தது அதன் கூர்மையை மழுக்கும். மூன்றாவது மெல்ல ஏற்றி இறக்கும். விசிறி தலையைத் திருப்புவதுபோல. கடைசியானது, அந்த இரைச்சலை எத்தனை பேர் சேர்ந்து போடுவது என்பதற்கு. பேத்தி மடியில் அழுதுகொண்டிருந்தாள். கடைசிக் குமிழைத் திருகினேன்.

ஒரு முனகல் எழுந்தது. இன்னும் திருகினேன், முனகல் கொழுத்தது. அறை மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. சுவர்கள் சற்று விலகி நின்றன. இத்தனை வருஷம் நான் சுமந்த மூட்டைகள் ஒவ்வொன்றாக முதுகிலிருந்து இறங்கி, தாமே நடந்து, வாசல் வழியே வரிசையாகப் போயின. கடைசி மூட்டை திரும்பிப் பார்த்ததா என்று—

குழந்தையின் விரல்கள் என் சட்டையை விட்டன. பக்கத்து அறையில் மகளின் மூச்சு சீரானது.

(அந்த இரைச்சலில் மூச்சு எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள். கேட்டது.)

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் பொழுது சாயும் முன் மச்சினன் வந்துவிட்டான். தூங்கும் குழந்தையைப் பார்த்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கையில் ஓர் ஒயர் நுனி தொங்கியது.

"மாமா," கிசுகிசுத்தான், "ஸ்பீக்கரைச் சொருகவே இல்லையே."

"அப்போ இந்தச் சத்தம்?"

என் கையைப் பிடித்துப் பெட்டியின் முதுகில் வைத்தான். சூடான காற்று. உள்ளே ஒரு சின்ன விசிறி. நான் திருகத் திருகக் கம்ப்யூட்டருக்கு வேலை கூடியிருக்கிறது. அதன் சூட்டை ஆற்ற அந்த விசிறி இரைக்க இரைக்க ஓடியிருக்கிறது. சுமை ஏறினால் மூச்சு வாங்கும். இது எனக்குத் தெரியாததா?

சிரிப்பை அடக்கியதில் அவன் தோள் குலுங்கியது. பிறகு முகம் தொங்கியது. பேச்சுப்படி, நான் செய்த சத்தத்துக்குக் குழந்தை தூங்கவில்லை.

"தூக்கிட்டுப் போயிரவா?"

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்."

6

ஒரு முடிவில், அவன் ஒயரைச் சொருகுகிறான். குழந்தை வீறிட்டு எழுகிறது. இன்னொன்றில் இந்தப் பெட்டியும் புகைந்துபோகிறது, ஆனால் அதற்குள் பேத்தி தானே தூங்கக் கற்றுக்கொண்டாள். இரண்டையும் எழுதினேன். இரண்டும் என் கைக்கு நிற்கவில்லை.

நான் செய்த சத்தத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. விசிறியாக இருக்கலாம். யானையாகவும் இருக்கலாம். ஒயர் நுனியை உங்களிடம் தருகிறேன். சொருகுவதானால் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சொருகுங்கள். மகள் இன்னும் எழவில்லை.

முதல் வரியில் இருக்கும் தொகையை நான் அடித்துவிட்டேன். அச்சில் அது அப்படியே நின்றால் நீங்கள் அடித்துவிடுங்கள். பேனா கீறாமல், மெதுவாக.