போர்முனைக்குப் போகும் பேருந்து

பல்செட்டக்கா கட்டிய சுண்டுவிரல் நீள மோட்டார் சைக்கிள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன்மேல் ஒட்டியிருந்த இரண்டு ராணுவக்காரர்களோடு சாப்பாட்டு மேசையை விட்டுக் கிளம்பியது. கிளம்பும் முன் சர்க்கரைக் கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மேசை விரிப்பில் சேற்றுத் தடம் பதித்தது. அக்காவின் கணவர் டவுன் பஸ் டிரைவர்; எந்த வண்டியானாலும் சத்தத்தை வைத்தே அதன் ஜாதகத்தைச் சொல்கிறவர். வாய்க்குப் போன ரொட்டியை நிறுத்திக் காதைத் தீட்டிக் கேட்டார். "கார்புரேட்டர்ல என்னமோ அடைப்பு இருக்கு," என்றார். "பசை கொஞ்சம் உள்ள போயிருக்கும்," என்றாள் அவள். டிரைவருக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டதால் அதற்குமேல் அப்போது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஊருக்குப் பொய்ப்பல் கட்டுவது அவள் தொழில். பல் டாக்டர்களிடமிருந்து வாய் அச்சுகள் வரும். அவள் மெழுகில் செதுக்கி, வார்த்து, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவாள். வேலை குறைந்திருந்த ஒரு மழைக்காலத்தில் பொம்மைக் கடையில், பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பொம்மைப் பெட்டி ஒன்று வாங்கினாள். பக்கவண்டி பூட்டிய ராணுவ மோட்டார் சைக்கிள், ஓட்டுவதற்கு ஒரு சிப்பாய், பக்கவண்டியில் உட்கார ஒரு கேப்டன். பாகங்களைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நறுக்கி, பிசிறு சீவி, ஒட்டினாள். பெட்டியில் வந்த சக்கரக் கம்பிகள் தடிமன் என்று தூக்கிப் போட்டுவிட்டு, மின்வயரைப் பிரித்து இழை இழையாக இழுத்துக் கட்டினாள். பல் அச்சு வார்க்கும் மாவில் இடிந்த சுவர் எழுப்பினாள். அதே மாவில் காப்பிச் சக்கையைப் பிசைந்து சேறு செய்தாள். சிப்பாய்க்கு வெறும் வாயை வரைய அவளுக்கு மனம் வரவில்லை. முன்பல் ஒன்றைச் சற்றுத் தூக்கலாக வைத்தாள். கேப்டனுக்கு மீசை, கழுத்தில் தொலைநோக்கி, மடியில் வரைபடம். வரைபடத்தில் ஆறும் சாலையும் வரைந்தாள். ஊர்ப் பெயர்கள் எழுத ஒற்றை முடித் தூரிகைகூடப் பெரிதாக இருந்ததால் எழுதாமல் விட்டாள். வினை அங்கேதான் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டி கட்டிலடியிலிருந்து வெளியே வந்து அவள் கால்மாட்டில் நின்றது. கேப்டன் எழுந்து சல்யூட் அடித்தார். கொசு ரீங்கரிப்பது போன்ற குரலில், "அம்மா, போர்முனைக்கு எந்தப் பக்கம் போகணும்? மேப்ல பேரே இல்ல," என்று கேட்டார்.

அவள் குனிந்து இருவரையும் பார்த்தாள். மழைக்காலம் முழுக்கக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வரைந்த முகங்கள். யோசிக்காமல் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். மறுநாள் தொப்பலாக நனைந்து திரும்பினார்கள். ஆற்றைக் கடந்தோம், எதிரியைக் காணோம் என்றார் கேப்டன். பிறகு அவள் பீரோவுக்குப் பின்னால் அனுப்பினாள், அடுப்படிக்கு அனுப்பினாள், மாடிப்படிக்கு அடியில் அனுப்பினாள். டிரைவர் மட்டும் இதற்கு உடன்படவில்லை. "என்கிட்ட வழி கேட்டு எவனும் இதுவரைக்கும் தப்பான எடத்துக்குப் போனதில்ல," என்றார். "இவங்க சரியான எடத்துக்குப் போனா செத்துப்போவாங்க. பரவாயில்லையா?" என்று அவள் கேட்டாள். அதிலிருந்து அவர் மோட்டார் சத்தம் கேட்டாலே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நழுவப் பழகிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவர்கள் வாசற்கதவின் அடியிலிருந்த இடுக்கைக் கண்டுபிடித்துத் தெருவுக்கு வந்தார்கள். நமக்கு அது ஒரு தெரு. அவர்கள் அளவுக்கு ஒரு மாவட்டம். அக்கா வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லிவைத்தாள். தெருவே ஒரே மனதாகப் பொய் சொல்ல ஆரம்பித்தது. இஸ்திரிக்காரர் இடது பக்கம் என்றார், தையல்காரர் வலது பக்கம் என்றார், மருந்துக்கடைக்காரர் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது என்றார். மாவு மில்காரி, மழையினால் போரைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று துணிந்து புளுகினாள். கேப்டன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். இப்படியே வருஷங்கள் ஓடின. பொய் தெருவுக்கு ருசித்துப்போனதில், தபால் நிலையத்துக்கு வழி கேட்ட அசலூர்க்காரர்கள் குளத்தங்கரையில் போய் நின்று விழித்தார்கள்.

அந்தத் தெருவில் பொய் சொல்ல வராத ஆள் ஒருவர் இருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். "நிஜம்" என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் கடைப்படி உயரம். மோட்டார் சைக்கிளால் ஏற முடியாது என்பதால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஒரு நாள் சாக்கடை வேலைக்கு வந்தவர்கள் படியை இடித்துச் சரிவாகச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். அன்றே வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. கேப்டன் வழி கேட்டார். நிஜம் கண்ணில் லென்ஸை மாட்டியபடியே குனிந்தார். "போர்தானே? கிழக்க நடக்குது. தெனம் பேப்பர்ல வருதே. பஸ் பிடிச்சு ரயிலடிக்குப் போங்க," என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் லென்ஸ் வழியாகச் சிப்பாயின் தூக்கலான பல்லைப் பார்த்தார். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பல்செட்டக்கா வீட்டுக்கு ஓடினார். "அக்கா, வாய் தவறி உண்மையைச் சொல்லிட்டேன்!"

விரலில் மெழுகோடு அவள் ஓடிப் பஸ்ஸைப் பிடித்தாள். அது அவள் கணவரின் பஸ்தான். இரண்டு பேரையும் வண்டியோடு கண்டக்டர் பின்படியிலிருந்து தூக்கிக் கடைசி சீட்டில் வைத்திருந்தார். அவள் முன்பக்கம் போய் மூச்சு வாங்க, "ஏங்க, பின்னாடி அவங்க இருக்காங்க. ரயிலடிக்குப் போறாங்க," என்றாள். முச்சந்தி வந்தது. வலது பக்கம் ரயிலடி. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வலது பக்கமே திருப்பிய முச்சந்தி. அவர் கண்ணாடியில் கடைசி சீட்டை ஒரு முறை பார்த்தார். இடது பக்கம் ஒடித்தார்.

"அண்ணே, ரூட்டு!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அது சீட்டுக்குச் சீட்டு காதோடு காதாகப் பின்னால் போனது. அதன்பின் யாரும் இறங்கக் கேட்கவில்லை. பஸ் செங்கல் சூளையைச் சுற்றியது, ஒரே பாலத்தை மறுபடி மறுபடி கடந்தது, சூரியகாந்தி வயலுக்கு நடுவே விசிலடித்துக்கொண்டு பறந்தது. ஆபீசுக்குப் போக வேண்டியவர்கள் பாடினார்கள். பல் கட்டியிருந்தவர்கள் எல்லாம் சிரித்த சிரிப்பில் பல்செட்டக்கா தன் வேலையை வரிசையாகப் பார்த்துப் பூரித்துப்போனாள். டயர்கள் தரையைத் தொடவே இல்லை என்று கடைசி சீட்டுக்காரர்கள் பின்னால் சொன்னார்கள். டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு எப்போதுமே தூக்கித்தான் போடும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாலை ஒரு புல்வெளியில் முடிந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். கண்டக்டர் விசிலை ஊதி, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "போர்முனை! போர்முனை எல்லாம் எறங்கு!" என்றார்.

கேப்டன் இறங்கித் தொலைநோக்கியைத் தூக்கினார். பஸ்ஸே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. புல், ஒரு கன்றுக்குட்டி, தூரத்து வீட்டுக் கொடியில் காற்றில் படபடக்கும் வெள்ளைப் படுக்கை விரிப்பு. கேப்டன் வெகுநேரம் பார்த்தார். பிறகு தொலைநோக்கியைக் கீழே இறக்கினார்.

"சண்டை முடிஞ்சிருச்சு. எதிரி வெள்ளைக்கொடி காட்டிட்டான்."

"நாம ஜெயிச்சிட்டமா சார்?" என்று சிப்பாய் கேட்டான்.

"அது தெரியல. முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

சிப்பாய் வாய் கொள்ளாமல் சிரித்தான். பல்செட்டக்கா அழுதாள். டிரைவர், பஸ் ஹாரனைக் கை எடுக்காமல் அடித்தார். நிஜமாகவே போர் முடிந்ததுபோல் ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஆடினார்கள். துணி காயப்போட்டவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் அவளும் வந்து ஆடினாள்.

டிப்போவில் மேலதிகாரி விளக்கம் கேட்டார். டிரைவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். விசாரிக்கப் போன இன்ஸ்பெக்டர் சட்டையெல்லாம் புல்லோடு சாயங்காலம் திரும்பிவந்து, பஸ் தடத்தை அந்தப் புல்வெளிவரைக்கும் நீட்டலாம் என்று சிபாரிசு செய்தார். சிப்பாயும் கேப்டனும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கன்றுக்குட்டி வழி தவறினால் வீட்டில் கொண்டுவந்து விடுவது அவர்கள் பொறுப்பு. வெயிலில் சாயம் வெளுத்தால் அக்கா போய்ப் பூசிவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. குடும்பம் குடும்பமாகப் பாயும் பந்துமாக ஏறுவார்கள்.

"போர்முனை நாலு குடுங்க."

"போக மட்டுமா, வரவுமா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"இது என்ன கேள்வி? வரவும்தான்."