தானாக நகரும் பக்கங்கள்

கணவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சொன்னது ஒரு புகார். யார் மேல் என்றால், உலகத்துக்கே காசு வாங்காமல் கொடுக்கப்படும் ஒரு பக்க வடிவமைப்பு மென்பொருள் மேல்.

“நான் சாயங்காலம் வெச்சுட்டுப் போறது ஒண்ணு, மறுநாள் திறந்தா இருக்கறது இன்னொண்ணு. பக்கமெல்லாம் தானா நகருதுன்னு போடு. மரியாதையா போடு, ஆனா உறைக்கற மாதிரி போடு.”

அவள் இங்கிலீஷில் மரியாதையாகவும் போட்டாள், உறைக்கிற மாதிரியும் போட்டாள். இதில் வேடிக்கை என்னவென்றால், பக்கங்களைத் தினமும் நகர்த்திக்கொண்டிருந்தவளே அவள்தான்.

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கம் வடிவமைக்கிற லேஅவுட் வேலை என்றால் அவர்தான், அதுவே பெயராகிவிட்டது. “லேஅவுட் சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு, கால் மட்டும் ஒருவழியாகத் திரும்பி வந்தது. கை வரவில்லை. அச்சகத்துக்காரர் நல்ல மனுஷர். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரைக் கொடுத்து, “வீட்டிலேயே பண்ணட்டும்மா. இது சரியா வந்துட்டா மாசாமாசம் அனுப்பறேன். வரலேன்னா என்னையும் தப்பா நினைக்காதீங்க” என்றார். மலர் சரியாக வந்தால் அவர் பழையபடி லேஅவுட். வராவிட்டால், கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளி. அந்தச் சுவரைப் பார்க்கும் முகத்தை மூன்று மாதம் பார்த்தவள் அவள். இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை.

அச்சகத்து மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டி மாளாது என்றுதான் இலவசமானதைத் தேடினாள். நிறுவினாள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், ஆனால் அது அவளுடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்து, வலியோடு வருகிறவர்கள் வாயில் விழுந்து எழுந்து, வீட்டுக்கு வந்தால் இது. முதலில் இறக்கிய பழைய பதிப்பில் தமிழ் எழுத்து ஒரு பக்கமும் அதன் கொம்பு இன்னொரு பக்கமுமாக, சண்டை போட்ட மாமியார் மருமகள் மாதிரி விலகி நின்றன. புதிய பதிப்பை இறக்கிய பிறகுதான் சமாதானம் ஆயிற்று. அளவுகளை மில்லிமீட்டருக்கு மாற்றினாள். இரண்டு கையால் அழுத்த வேண்டிய கட்டளைகளையெல்லாம் வலது கை எட்டும் ஒற்றை விசைகளுக்குக் கொண்டுவந்தாள். அவர் பின்னால் உட்கார்ந்து, “இது கூடத் தெரியலையா? அமைப்புகளுக்குள்ள போ” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்த அதட்டல் அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அன்றைக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

மலர் வேலை ஆரம்பித்த முதல் நாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டுக் காட்டினார். திரையில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் விரித்த புத்தகம் போலத் தெரிந்தன. வலது பக்கம் அத்தனை அழகு. தலைப்புக்கும் படத்துக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியை வேறு யாருக்கும் விடத் தெரியாது. இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. காலிப் பெட்டி ஒன்று கோணலாகக் கிடந்தது, ஒரு மாணவியின் படம் பாதி தாளுக்கு வெளியே தொங்கியது.

“இந்தப் பக்கம் இன்னும் வெக்கலையாங்க?”

“எந்தப் பக்கம்? அதான் முடிச்சுட்டேனே.”

உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள். “கண்ணு நல்லாத்தான்க்கா இருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துடுது. ஞாபகப்படுத்திக்கிட்டே இருங்க.” அன்று அதை ஞாபகப்படுத்தப் போய் வீடு இரண்டுபட்டது. “எனக்கென்ன குருடா? இருபத்தஞ்சு வருஷம் பக்கம் வெச்சவன்கிட்ட பக்கம் இல்லேன்னு சொல்ல வந்துட்டா!” இரண்டு நாள் கணினிப் பக்கமே போகவில்லை. கட்டில், சுவர். மூன்றாம் நாள் அவளே, “நான்தான் சரியா பாக்கலைங்க” என்று சொல்லி அவரை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து இடது பக்கங்களை அவள் வைத்தாள். அடுப்பில் குக்கர், மேஜையில் ஆண்டு மலர். வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடைவெளி, அதே ஓரம். முதலில் அசடு வழிந்தது. பிறகு கை பழகியது. கோப்பை அச்சுக்கு மாற்றும் முன் மென்பொருளே ஒரு சோதனை போட்டு, இந்தப் பெட்டி காலி, அந்தப் படம் வெளியே என்று குறைகளைப் பட்டியல் போடும். அவர் கண்ணில் அது படக்கூடாதென்று அமைப்புகளுக்குள் போய் அந்தச் சோதனையையும் நிறுத்திவிட்டாள். உண்மை சொல்லும் வாயை அடைப்பதற்கு அதில் ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. கட்டுரைகள் இடது பெட்டியிலிருந்து வலது பெட்டிக்குத் தொடர்கிறவை. இடது பக்கத்தை அவள் நிரப்ப நிரப்ப, வலது பக்கத்தில் அவர் வைத்திருந்த முதல் வரி இடதுக்குப் போய்விடும். மறுநாள் திறந்தால் அவருடைய பக்கம் கட்டுரையின் நடுவிலிருந்து ஆரம்பிக்கும். “இங்க தலைப்பு வெச்சேன்டி, காணோம்! ஓசில குடுத்தா இப்படித்தான்” என்று மென்பொருளைக் கரித்துக் கொட்டினார். அவளும் ஆமாம் போட்டாள். வாயில்லாத ஜீவன் மேல் பழி விழுந்தால் யாருக்கு நஷ்டம்? அப்படித்தான் விஷயம் புகாரில் வந்து நின்றது.

சாயங்காலக் கோப்பையும் காலைக் கோப்பையும் இணைத்து அனுப்பச் சொன்னார். வேறு ஏதாவது இரண்டை அவள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. துணிச்சல் என்றெல்லாம் நினைக்க வேண்டாம், இன்னொரு பொய்யை ஜோடிக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. அவர்தான் முதலில் திறந்தார்.

“இங்க வா. எந்த நாட்டுக்காரனோ, பாதி பாதியா எழுதியிருக்கான். ஒரு வரியும் ஒழுங்கா ஆரம்பிக்கல. படிச்சுச் சொல்லு.”

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வரிகள் எல்லாமே முழுசாகத்தான் இருந்தன. முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் விடுமுறை நாளைச் செலவழித்து எழுதியிருந்தார். முதலில் மனதுக்குள் படித்தாள். கடைசி வரியில் கண் கலங்கிவிட்டது. வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் அவள் செய்வதை இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை. கவனித்தவர் எங்கோ கண்காணாத ஊரில் இருந்தார்.

“என்ன சொல்றான்? தப்பை ஒத்துக்கறானா?”

ஒத்துக்கொள்கிறார், அடுத்த பதிப்பில் சரியாகிவிடுமாம் என்று சொன்னால் முடிந்தது. அவருக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு மாசாமாசம் வேலை வரும், மாசாமாசம் அவள் விடியலில் எழுவாள், உடம்பு ஓயும் வரை. நினைக்கும்போதே முதுகு வலித்தது. அவள் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள்.

“‘ரெண்டு கோப்பையும் பாத்தேன். மென்பொருள்ல பிழை இல்ல. முதல் கோப்புல இடது பக்கம் எதுவுமே நிரப்பல. ரெண்டாவதுல யாரோ ஒருத்தர் கையால ஒண்ணொண்ணா சரி பண்ணியிருக்காங்க. ரொம்பப் பொறுமையான வேலை.’”

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள்.

“யாரு, நீயா?”

“ஆமாங்க.”

“எப்பலேருந்து?”

“ஆரம்பத்துலேருந்து.”

வலது கை மவுஸின் மேல் கிடந்தது. “அப்ப வலது பக்கம்?”

“அது முழுக்க நீங்கதான். அதுல நான் கையே வெக்கல.”

அவர் திரையைப் பார்த்தார். அவர் பார்க்கிற திரை எங்கே முடிகிறதோ, அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியாது.

“காட்டு” என்றார். குரலில் அதட்டல் இல்லை.

பழைய கோப்பைத் திறந்தாள், அவள் தொடாததை. நாற்காலியைச் சுற்றி அவருக்கு இடப்புறம் போய் நின்று, திரையின் இடது ஓரத்தில் உள்ளங்கையைப் பதித்து வைத்தாள்.

“என் கை தெரியற வரைக்கும் வாங்க.”

அம்புக்குறி கிளம்பி வலது பக்கத்தைக் கடந்து, இரண்டு பக்கங்களும் சேரும் நடுக்கோட்டில் வந்து நின்றது.

“இதுக்கு மேல ஒண்ணும் இல்லையே.”

“இருக்குங்க. வாங்க.”

அவர் கழுத்து திரும்பியது, நரம்பு புடைத்துக்கொண்டு, கனமான கதவைத் தள்ளுகிற மாதிரி. அம்புக்குறி கோட்டைத் தாண்டியது. காலிப் பெட்டியின் விளிம்பில் நின்றது. மறுபடி ஒரு விரற்கடை நகர்ந்தது. அவளுக்குத் தோள்பட்டை கடுத்தது. கையை எடுக்கவில்லை.