ஆஃப் என்று ஒரு சொல்

புயல் கரையைத் தொடுவதற்குள் பெரிய கப்பல்களையெல்லாம் கடலுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று துறைமுக அதிகாரி காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார். கட்டிப்போட்ட கப்பல் புயலில் துறைமேடையையும் உடைக்கும், தன்னையும் உடைத்துக்கொள்ளும். காரோ என்ற இந்தத் துறைமுகத்தில் கோடைதோறும் நடப்பதுதான். கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்து மேல்மாடியில் நோலீன் ரேடார் படத்தைப் பார்த்து ரேடியோவில் வழி சொல்லுவாள்.

இந்த முறை படம் இல்லை.

மின்சாரம் ஒரு தடவை போய் வந்ததில், அந்தப் படத்தைத் தரும் கீழ்த்தளத்து சர்வர் அணைந்துவிட்டது. திரும்பக் கிளப்பினால் பாதியில் நின்றது. திரையில் ஒரே வரி: குறுக்கீட்டுக் காவல் இல்லை, நிறுத்துகிறேன்.

அப்படி நிற்கச் சொல்லி வைத்தவள் கெரின்தான். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த ஒரே இயந்திரத்துக்குள் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் வீட்டுக்காரர் மாதிரி இருந்து இரண்டு குடித்தனங்களை நடத்திவந்தது. ஒன்று ரேடார். மற்றொன்று காற்றின் வேகத்தை அளந்து சொல்லும் வெளிக் கம்பெனியின் மென்பொருள். வெளிக் கம்பெனிக்கென்று ஒரு நெட்வொர்க் கார்டை நேரடியாகக் கொடுத்திருந்தார்கள். கார்டு கண்ட இடத்தில் கை நீட்டாமல் இருக்க இயந்திரத்திலேயே இரண்டு காவல் உண்டு. நினைவகக் காவல், கார்டை அடுத்த குடித்தனத்தின் நினைவகத்தில் எழுதவிடாது. குறுக்கீட்டுக் காவல், அடுத்த குடித்தனத்தின் கதவு மணியை அடிக்கவிடாது. இரண்டும் இல்லாவிட்டால் ஏறவே கூடாது என்று, சர்வர் கிளம்பும்போது படிக்கும் தொடக்க வரியில் கெரின் எழுதியிருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணுதானே இல்ல?" என்றார் டூகல். கோபுரத்துக்கே அவர்தான் பொறுப்பு. ஒரு காலத்தில் அவரும் சர்வர் பார்த்தவர்.

"ஆமா. போன வாரம் போட்ட, மெஷினோட புது ஃபர்ம்வேர் அந்தக் காவலோட அட்டவணையைத் தப்பா குடுக்குது. பழசை ஏத்தினா சரியாயிடும். மெஷின் வித்தவங்ககிட்ட பேசிட்டு வரேன்."

"சர்க்கரைக் கப்பல் கயித்தை அவுத்தாச்சு கெரின். நீ போன் பேசி முடிக்கிற வரைக்கும் புயல் பஸ் ஸ்டாப்புல நிக்காது."

கெரின் நடைபாதைக்குப் போய் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் பியானோ இசை ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாள். மேலே யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது.

ஓடி வந்து பார்த்தால் சர்வர் ஏறியிருந்தது. டூகல் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"என்ன பண்ணீங்க?"

"ஊர்ல எல்லாரும் பண்றதைத்தான். தொடக்க வரியில ஐஓஎம்எம்யூ ஆஃப். ஒரே சொல்."

"அந்தச் சொல் ரெண்டு காவலையும் தூக்கிடும் டூகல். கெட்டுப்போனது ஒண்ணு. நல்லா இருந்ததையும் சேர்த்து அனுப்பிட்டீங்க."

"படம் வந்துச்சா இல்லையா? லாக்கை வேணா பாரு. தினம் பக்கம் பக்கமா அழும். இன்னிக்கு ஒரு வரி இல்ல. இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே கிடையாது."

சர்வர் தன் குறைகளை எழுதிவைக்கும் அந்த லாக் பதிவைக் கெரின் பார்த்தாள்.

தினமும் அங்கே அழுதது நினைவகக் காவல். கார்டு தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுத வந்தது, தடுத்தேன். மறுபடி வந்தது, தடுத்தேன். வெளிக் கம்பெனி எழுதிய டிரைவரில் கோளாறு. கேட்டால், அதனால் ஒன்றும் ஆகாது என்றார்கள். ஒன்றும் ஆகாமல் இருந்தது உண்மைதான், தடுக்க ஆள் இருந்ததால். இன்றும் கார்டு அதே கார்டுதான். அந்தக் குடித்தனம் பழைய வகை என்பதால், காவல் இல்லாவிட்டாலும் ஹைப்பர்வைசர் மறுபேச்சில்லாமல் கார்டைத் தூக்கிக் கொடுத்துவிடும். அது இத்தனை நேரம் எழுதியதெல்லாம் எங்கே போய் விழுந்தது?

"அழுகை நிக்கல டூகல். அழறதுக்கு ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள். டூகல் ஏதோ கத்தியது காதில் விழவில்லை.

மேலே நோலீன் ஒரு கையில் தேநீரும் மறு கையில் மைக்குமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மழைத்திரை ஒன்று கடலிலிருந்து, கப்பல்கள் வெளியேறும் வாய்க்காலை நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"படம் எப்படி இருக்கு நோலீன்?"

"அம்சமா இருக்கு கண்ணு. ஃபெட்டு வாய்க்கால் நடுவுல கோடு போட்ட மாதிரி போறான். மனுஷன் இன்னிக்குத்தான் ஒழுங்கா ஓட்டுறான்."

ஃபெட்டு லெயிலுவா சர்க்கரைக் கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட்.

"வாய்க்கால் ஓரத்துப் பச்சை மிதவை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அவன்கிட்ட கேளேன்."

நோலீன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டாள். ரேடியோ கரகரத்தது. "இடப்பக்கம், எச்சில் துப்பினா அதுமேல விழும். காத்து என்னை அதுமேலயே தள்ளுது. ஏன், உங்க படத்துல தெரியலையா?"

படத்தில் கப்பலுக்கும் மிதவைக்கும் நடுவே இன்னொரு கப்பல் போகலாம். நோலீன் தேநீரைக் கீழே வைத்தாள்.

"படம் பொய் சொல்லுது" என்றாள் கெரின். "கார்டு ரேடாரோட நினைவகத்துல எழுதிட்டிருக்கு. அணைச்சுட்டு மறுபடி ஏத்தணும்."

டூகல் மூச்சுவாங்க வந்து நின்றார். "இப்பவா? மழை வந்து மூடினா அவன் கப்பல் ரேடார்ல ஒண்ணும் தெரியாது. நம்ம படமும் போச்சுன்னா அவன் கண்ணைக் கட்டின மாதிரி."

"ஏற்கனவே கட்டித்தான் இருக்கு. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"திரும்ப ஏறலன்னா? வாய்க்கால் நடுவுல கப்பல் தரை தட்டிச்சுன்னா மத்த கப்பல் எதுவும் வெளிய போக முடியாது. உன் வேலை என் வேலை எல்லாம் அப்புறம். உள்ள மாட்டுற ஆளுங்களுக்கு என்ன பதில் சொல்லுவ?"

நோலீன் மைக்கைக் கெரின் பக்கம் திருப்பினாள். "நீயே சொல்லு. அவன் கப்பல், அவன் முடிவு பண்ணட்டும்."

"ஃபெட்டு, நான் கெரின், சர்வர் பாக்கறவ. எங்க படத்தை நம்பாத. மறுபடி ஏத்தறதுன்னா கொஞ்ச நேரம் கரையிலேர்ந்து உனக்கு ஒண்ணும் கிடைக்காது. ஏத்தட்டுமா, வேணாமா?"

காற்றிரைச்சலோடு ஃபெட்டுவின் குரல் வந்தது. "நடுவுல போறேன்னு நோலீன் சொன்னப்பவே, கண்ணாடி மாத்திட்டாளான்னு நினைச்சேன். ஏத்து. கப்பலைத் தள்ளுறதுக்கு டக் படகை எனக்கு இடப்பக்கம் அனுப்புங்க. சீக்கிரம்."

"கண்ணாடியைப் பத்தி அப்புறம் பேசிக்கறேன்டா" என்று நோலீன் டக் படகை அழைத்தாள்.

கெரின் கையில் ஒரு வாக்கிடாக்கியோடு கீழே ஓடினாள். படியிறங்கும்போதே அது உறைத்தது. இரண்டு காவலும் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்று அவள் வீம்பு பிடித்தாள். டூகல் இரண்டையும் தூக்கி எறிந்தார். இருக்கிற காவலை வைத்துக்கொண்டு வெளிக் குடித்தனத்தை இன்று ஒரு நாள் வெளியே நிறுத்தலாம் என்று பியானோ கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தோன்றவில்லையே.

இயந்திரத்தை நிறுத்தினாள். மறுபடி கிளப்பி, தொடக்க வரியில் ஆஃப் என்ற சொல்லை அழித்துவிட்டு வேறு எழுதினாள். நினைவகக் காவல் கட்டாயம். குறுக்கீட்டுக் காவலைத் தேடாதே. தனித்தனியாக இரண்டு சொற்கள், நடுவில் காற்புள்ளி. பிறகு கார்டின் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். சர்வர் எழுந்ததும் ரேடாரை மட்டும் ஏற்றும்படி எழுதிவைத்தாள்.

"காத்து நிலவரம் அந்தக் கார்டு வழியாத்தான் வரும்" என்றார் பின்னால் நின்ற டூகல். "அதை நிறுத்தினா கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தைத் தூக்கிட்டு வருவான்."

"வரட்டும். ஃபெட்டு மூஞ்சியில அடிக்கிற காத்து அவனுக்கே தெரியும்."

சர்வர் தன் நினைவகத்தைச் சோதிக்க ஆரம்பித்தது. அதற்கு அவசரம் என்பதே தெரியாது. வாக்கிடாக்கியில் ஃபெட்டுவின் குரல் விட்டுவிட்டு வந்தது. மழை மூடிவிட்டது. மிதவை தெரியவில்லை. கப்பலின் முன்பக்கமே தெரியவில்லை. டக் படகு வந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் எங்கே தள்ளச் சொல்வது என்று தெரியவில்லை. டூகல் சுவரில் கையூன்றி நின்றார்.

திரையில் எழுத்துகள் ஓடின. காலையில் நின்றுபோன இடம் வந்தது. குறுக்கீட்டுக் காவல் விலக்கப்பட்டது. அடுத்த வரி: நினைவகக் காவல் இயங்குகிறது. எழுத்துகள் நிற்காமல் ஓடின.

"படம் வந்துடுச்சு" என்றாள் நோலீன் வாக்கிடாக்கியில். உடனே குரல் மாறியது. "ஃபெட்டு, பின்பக்கம் இடது கரைக்கு இழுக்குது. டக்கைப் பின்னால வெச்சுத் தள்ளச் சொல்லு. இன்னும் பின்னால. ம், திரும்புது. அப்படியே வா. அப்படியே வா."

நோலீனின் குரல் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. பிறகு ஃபெட்டு பேசினான். "வெளி மிதவையைத் தாண்டிட்டேன். அடியில சேறு உரசினதோ என்னவோ, கப்பல் ஓடுது."

டூகலின் கைப்பேசி ஒலித்தது. கேட்டுவிட்டு, அதைக் கெரினிடம் நீட்டினார். "துறைமுக அதிகாரி. அடுத்து மாடு ஏத்தின கப்பலை அவுக்கலாமான்னு கேக்கறாரு. நான் சொன்னா சரியா இருக்காது. நீ சொல்லு."

கெரின் லாக்கை மேலிருந்து கீழ்வரை படித்த பிறகே பேசினாள்.

"படத்தை நம்பலாம் சார். காத்து நிலவரம் கிடைக்காது, பைலட்டுங்களே சொல்லணும். ரெண்டுல ஒரு காவல்லதான் மெஷின் ஓடுது. அதனால வெளிக் கார்டை இன்னிக்கு உள்ள விடமாட்டேன், யார் கேட்டாலும். இவ்வளவுதான் இருக்கு. இது போதுமான்னு நீங்கதான் பாக்கணும்."

மறுமுனையில் அவர் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. பிறகு, "போதும். அவுக்கச் சொல்றேன்" என்றார்.